மாற்றியங்களும் புறவெளி வேதியியலும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கரிம வேதியியலில் மற்ற பாடங்களை ஒருவழியாகத் தேற்றிவிட்டு, இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. கணக்கு கடினம் என்பதால் அல்ல. தாளில் தட்டையாகக் கிடக்கும் படத்தை மனதுக்குள் பொம்மைபோல நிமிர்த்தி, சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது பழகாத வேலை. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது என்னிடம் வந்த கேள்விகளை, ஏறக்குறைய வந்தபடியே தருகிறேன். படிக்கும்போது கையில் ஒரு மாதிரி இருக்கட்டும். மாதிரிப் பெட்டி இல்லையென்றால் ஒரு களிமண் உருண்டை, நான்கு குச்சி, குச்சி முனைகளில் நான்கு நிறம். அது போதும்.

மாற்றியம் என்றால் என்ன? வாய்பாடு ஒன்றாக இருந்தால் போதுமா?

மூலக்கூறு வாய்பாடு ஒன்று, பொருள் வேறு. அவ்வளவுதான். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஓரத்தில் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு நின்றால் எத்தனால். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். அதே ஆக்சிஜன் இரண்டு கார்பனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் டைமெத்தில் ஈதர். கொதிநிலை மைனஸ் 24, அறையில் அது வாயு.

இப்படி ஒன்று இருக்க முடியும் என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் நம்பிக்கை தரவில்லை. 1820களில் வோலர் சில்வர் சயனேட்டைப் பகுத்தார், லீபிக் சில்வர் ஃபல்மினேட்டைப் பகுத்தார். முதலாவது சாதுவான உப்பு, இரண்டாவது தொட்டாலே வெடிக்கும். பகுப்பாய்வில் இரண்டுக்கும் ஒரே விகிதம் வந்தது. யாரோ ஒருவர் தப்பாக அளந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இருவருமே சரி என்று தெளிந்த பிறகு, 1830இல் பெர்சீலியஸ் இதற்கு ஐசோமர் என்று பெயர் வைத்தார். நாம் மாற்றியம் என்கிறோம். சமபகுதியம் என்று எழுதும் பாடநூல்களும் உண்டு, இரண்டும் ஒன்றுதான்.

ஒரு வாய்பாட்டுக்கு எத்தனை மாற்றியம் என்று கண்டுபிடிக்க சூத்திரம் உண்டா?

எண்ணைப் போட்டால் விடை வரும் எளிய சூத்திரம் கிடையாது. ஆல்கேன்களில் நான்கு கார்பனுக்கு 2, ஐந்துக்கு 3, ஆறுக்கு 5, ஏழுக்கு 9, எட்டுக்கு 18, பத்துக்கு 75. இருபது கார்பனுக்கு 3,66,319. பத்தைத் தாண்டினால் கணினியிடம் விட்டுவிடுங்கள்.

தேர்வில் வருவது சின்ன வாய்பாடுதான். அங்கே நீளமான சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொரு கார்பனாகச் சுருக்கி, கிளையை நகர்த்திக்கொண்டே போவதுதான் முறை. நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றால் ஆல்கஹால் 4, ஈதர் 3, ஆக 7. ஆனால் அந்த நான்கு ஆல்கஹால்களில் பியூட்டன்-2-ஆல் மட்டும் வலது இடது என இரண்டு வடிவில் இருக்கும். அதையும் சேர்த்தால் 8. கேள்வி கட்டமைப்பு மாற்றியங்களைக் கேட்கிறதா, எல்லா மாற்றியங்களையும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். விடை தெரிந்தும் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான்.

கட்டமைப்பு மாற்றியத்துக்கும் புறவெளி மாற்றியத்துக்கும் என்ன வித்தியாசம்?

எந்த அணு எந்த அணுவோடு இணைந்திருக்கிறது என்ற பட்டியலை இரண்டு மூலக்கூறுக்கும் எழுதுங்கள். பட்டியலே வேறுபட்டால் கட்டமைப்பு மாற்றியம். பட்டியல் அச்சு அசலாக ஒன்று, ஆனாலும் வெளியில் அணுக்கள் நிற்கும் நிலை வேறு என்றால் புறவெளி மாற்றியம்.

இதன் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தப் பாடம் முழுவதற்கும் நான் நம்புவது அதைத்தான்: பிணைப்பு எதையும் உடைக்காமல், கையில் இருக்கும் மாதிரியைத் திருப்பியும் முறுக்கியும் இதை அதுவாக்க முடியுமா? முடிந்தால் இரண்டும் ஒரே பொருள், படம்தான் வேறு. முடியாவிட்டால் மாற்றியம். சிஸ், டிரான்ஸ், ஆர், எஸ் எல்லாம் இதற்குப் பிறகு ஒட்டும் பெயர்ச்சீட்டுகள். சீட்டை மனப்பாடம் செய்துவிட்டு வடிவத்தைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் கடைசிவரை குழம்புகிறார்கள்.

அப்படியானால் வச அமைப்புகள்? அவையும் மாற்றியங்கள்தானா?

ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் திருகுவதால் வரும் வடிவங்களைத்தான் வச அமைப்பு என்கிறோம். ஈத்தேனில் ஹைட்ரஜன்கள் நேருக்கு நேர் வரும் நிலையைத் தாண்ட மோலுக்கு சுமார் 12 கிலோஜூல் போதும். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளிடம் அதற்கான ஆற்றல் தாராளமாக இருக்கிறது. நொடிக்குப் பல கோடி முறை சுழன்றுகொண்டே இருக்கும். இதைத் தனித்தனிப் புட்டியில் பிரித்து வைக்கும் பேச்சே இல்லை. ஆகவே மாற்றியங்களை எண்ணும்போது இவற்றைச் சேர்ப்பதில்லை.

அதற்காக வச அமைப்பு முக்கியமில்லை என்று விட்டுவிடாதீர்கள். சைக்ளோஹெக்சேன் நாற்காலி வடிவில் உட்காருவதும், மெத்தில் தொகுதி வளையத்தின் அச்சுவாக்கில் நிற்பதைவிடப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வதை விரும்புவதும் வினைகளின் போக்கையே தீர்மானிக்கும். அந்த இரண்டு நிலைக்கும் உள்ள இடைவெளி சுமார் 7 கிலோஜூல்தான். ஆனால் அந்தச் சின்ன இடைவெளியே அறை வெப்பநிலையில் இருபதில் பத்தொன்பது மூலக்கூறைப் பக்கவாட்டு நிலைக்குத் தள்ளிவிடுகிறது.

இரட்டைப் பிணைப்பு ஏன் சுழலாது?

ஒற்றைப் பிணைப்பு ஓர் அச்சாணி. சக்கரம் சுற்றினாலும் அச்சாணிக்கு ஒன்றும் ஆகாது. இரட்டைப் பிணைப்பில் கூடவே பை பிணைப்பு இருக்கிறது. அது மேலும் கீழும் பக்கவாட்டில் உரசி நிற்கும் இரண்டு பி ஆர்பிட்டால்களால் ஆனது. ஒரு முனையை 90 டிகிரி திருப்பினால் அந்த உரசல் அற்றுப்போகும், அதாவது பிணைப்பு உடையும். அதற்கு 260 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். ஈத்தேனின் 12ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுழலாததால் என்ன ஆகிறது என்பதற்கு மலெயிக் அமிலமும் ஃபியூமாரிக் அமிலமும் நல்ல உதாரணம். நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி. மலெயிக்கில் இரண்டும் ஒரே பக்கம், இது சிஸ்; ஃபியூமாரிக்கில் எதிரெதிர்ப் பக்கம், இது டிரான்ஸ். மலெயிக் 135 டிகிரிக்கு அருகே உருகிவிடும். ஃபியூமாரிக் 280 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். மலெயிக் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஃபியூமாரிக் 100 மில்லிலிட்டரில் ஒரு கிராம்கூடக் கரையாது. சூடாக்கினால் மலெயிக்கின் இரண்டு அமிலத் தொகுதிகளும் அருகருகே இருப்பதால் ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றி வளையமாக மூடிக்கொள்ளும். ஃபியூமாரிக்கால் அது முடியாது, ஒரு கைக்கு இன்னொரு கை எட்டாது. ஒரே இணைப்புப் பட்டியல் கொண்ட இரண்டு பொருள்கள் இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன.

உடம்புக்குள்ளும் இது நடக்கிறது. விழித்திரையில் ரெட்டினால் என்ற மூலக்கூறு 11ஆம் இடத்தில் சிஸ் ஆக வளைந்து புரதத்துக்குள் அமர்ந்திருக்கிறது. ஒளி பட்டதும் அந்தப் பிணைப்பு டிரான்ஸாக நிமிர்கிறது. பார்வையின் முதல் அடி அதுதான்.

சிஸ், டிரான்ஸ் இருக்கும்போது ஈ, இசட் எதற்கு?

சிஸ், டிரான்ஸ் சொல்ல இரண்டு பக்கத்திலும் ஒப்பிடத்தக்க ஒரே தொகுதி வேண்டும். நான்கும் நான்கு விதமாக இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? அப்போது ஒவ்வொரு கார்பனிலும் எந்தத் தொகுதிக்கு முன்னுரிமை என்று பார்த்து (அணு எண் பெரியதற்கு; விதி ஆர், எஸ் பகுதியில் வருகிறது), முன்னுரிமை பெற்ற இரண்டும் ஒரே பக்கம் என்றால் இசட், எதிர்ப்பக்கம் என்றால் ஈ என்கிறோம்.

சிஸ் என்றால் இசட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 2-புரோமோபியூட்-2-ஈனில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் வடிவை எடுங்கள். சங்கிலியைப் பார்த்தால் டிரான்ஸ். ஆனால் இரண்டாம் கார்பனில் முன்னுரிமை புரோமினுக்கு. அது மூன்றாம் கார்பனின் மெத்திலோடு ஒரே பக்கத்தில் நிற்கிறது. ஆக, அது இசட்.

ஒரு மூலக்கூறு கைரலா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

கைரல் என்பது கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கெல்வின் பிரபு புழக்கத்தில் விட்டது. இடக்கையும் வலக்கையும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம், ஆனாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. மூலக்கூறும் தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாவிட்டால் அது கைரல். அந்த இரண்டு வடிவமும் ஒன்றுக்கொன்று எனான்ஷியோமர்.

நடைமுறையில், நான்கு வெவ்வேறு தொகுதிகள் தாங்கிய கார்பன் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் மூலக்கூறு கட்டாயம் கைரல். ஒன்றுக்கு மேல் இருந்தால் அவசரப்படாமல், மூலக்கூறை இரண்டாக வெட்டி ஒரு பாதி மறுபாதியின் பிம்பமாக வருகிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு சமச்சீர்த் தளம் கிடைத்துவிட்டால் கைரல் இல்லை. வெவ்வேறு என்பதையும் அடுத்த அணுவோடு நிறுத்தாதீர்கள். மெத்திலும் எத்திலும் கார்பனில்தான் தொடங்குகின்றன, ஆனால் தொகுதிகள் வேறு.

கார்பன் நான்முகி என்று பார்க்காமலேயே எப்படிச் சொன்னார்கள்?

இந்தக் கதை எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நீளும்.

1815இல் பிரெஞ்சு இயற்பியலர் பியோ, சில கரிமத் திரவங்கள் தள முனைவுற்ற ஒளியின், அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியின், தளத்தைச் சுழற்றுகின்றன என்று கண்டார். திரவத்திலும் கரைசலிலும்கூட இது நடந்ததால், காரணம் படிக அடுக்கில் இல்லை, மூலக்கூறிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் ஒரு புதிர் பாக்கி நின்றது. டார்டாரிக் அமிலம் ஒளியைச் சுழற்றியது. அதே வாய்பாடு கொண்ட ரசீமிக் அமிலம் சுழற்றவில்லை.

1848இல், 25 வயது லூயி பாஸ்டர் ரசீமிக் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியில் பார்த்தார். படிகங்களின் ஓரத்தில் சின்னச் சின்ன முகங்கள். சிலவற்றில் அவை வலப்பக்கம் சாய்ந்திருந்தன, சிலவற்றில் இடப்பக்கம். அவர் இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். இரண்டையும் தனித்தனியே கரைத்து அளந்தபோது ஒன்று ஒளியை வலப்பக்கம் சுழற்றியது, மற்றது அதே அளவு இடப்பக்கம். சமமாகக் கலந்தால் சுழற்சி பூச்சியம்; இதைத்தான் சுழிமாய்க் கலவை என்கிறோம். அப்போது 74 வயதான பியோ இதை நம்பாமல், தன்னிடம் இருந்த ரசீமிக் அமிலத்தைக் கொடுத்துத் தன் கண்முன்னாலேயே மறுபடி செய்துகாட்டச் சொன்னார். செய்துகாட்டினார்.

இதில் பாஸ்டருக்கு அதிர்ஷ்டமும் உண்டு. அந்த உப்பு 27 டிகிரி வாக்கில் அல்லது அதற்குக் கீழே படிகமானால்தான் இரண்டு வகையும் பிரிந்து வளரும். வெப்பம் கூடியிருந்தால் இரண்டும் கலந்த ஒரே வகைப் படிகம்தான் வந்திருக்கும்.

மூலக்கூறுக்கு இடம் வலம் உண்டு என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பது 1874 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு வான்ட் ஹாஃப், லெ பெல் இருவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள்: கார்பனின் நான்கு பிணைப்பும் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்கின்றன. இதற்கு நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு வாதம் உண்டு. டைகுளோரோமீத்தேனை எடுங்கள். கார்பன் தட்டையான சதுரமாக இருந்தால் இரண்டு குளோரினும் அடுத்தடுத்த மூலையில் ஒரு பொருள், எதிரெதிர் மூலையில் இன்னொரு பொருள், ஆக இரண்டு வகை வேண்டும். ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. நான்முகியில் எந்த இரண்டு மூலையும் அடுத்தடுத்த மூலைதான், அதனால் ஒன்றுதான் வரும்.

வான்ட் ஹாஃபுக்கு அப்போது 22 வயது. பிறகு அவர் ஒரு கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்ததைச் சுட்டிக்காட்டி, மூத்த வேதியியலர் கோல்பே 1877இல் அச்சிலேயே கிண்டல் செய்தார். 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குத்தான் போனது. இந்த வேலைக்காக அல்ல, வினைவேகமும் சவ்வூடு பரவல் அழுத்தமும் பற்றிய வேலைக்காக என்பது வேறு விஷயம்.

ஆர், எஸ் எப்படிக் குறிப்பது? ஒரு தடவை முழுசாகச் செய்து காட்ட முடியுமா?

லாக்டிக் அமிலத்தை எடுப்போம். நடுக் கார்பனில் நான்கு தொகுதி: ஹைட்ராக்சில், கார்பாக்சிலிக் அமிலம், மெத்தில், ஹைட்ரஜன்.

முதலில் முன்னுரிமை. கான், இங்கோல்டு, பிரெலாக் மூவரும் வகுத்த விதி அணு எண்ணைப் பார்க்கிறது. நடுக் கார்பனைத் தொடும் அணுக்களில் ஆக்சிஜனுக்கு எண் 8, ஆகவே ஹைட்ராக்சில் முதலிடம். ஹைட்ரஜன் கடைசி. நடுவில் இரண்டு கார்பன் சமநிலையில் நிற்கின்றன, ஒரு படி வெளியே போங்கள். அமிலக் கார்பனில் ஆக்சிஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன். இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனை இரண்டு தடவை எண்ண வேண்டும். மெத்திலில் ஹைட்ரஜன் மூன்று. அமிலம் இரண்டாமிடம், மெத்தில் மூன்றாமிடம்.

இப்போது ஹைட்ரஜன் உங்களைவிட்டு விலகி நிற்கும்படி மாதிரியைப் பிடியுங்கள். காரின் ஸ்டீயரிங் சக்கரத்தைப் பார்ப்பதுபோல. ஹைட்ரஜன் அதன் தண்டு, அது உங்களுக்கு எதிர்ப்புறம் போகிறது. ஹைட்ராக்சிலிலிருந்து அமிலம், அங்கிருந்து மெத்தில் என்று கண்ணை ஓட்டுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் போனால் ஆர், எதிர்த்திசை என்றால் எஸ்.

ஹைட்ரஜன் உங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும்படி படம் வந்தால் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அப்படியே சுற்றிப் பார்த்து, கிடைத்த விடையைத் தலைகீழாக்கி எழுதுங்கள்.

இந்த விதியில் அடிக்கடி நடக்கும் தவறு, பெரிய தொகுதிக்கு முன்னுரிமை கொடுப்பது. பருமனுக்கு இங்கே மரியாதை இல்லை. குளோரோமெத்திலையும் மூன்றாம் நிலை பியூட்டைலையும் வைத்தால், முதலாவதின் கார்பனில் குளோரின், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். இரண்டாவதில் கார்பன், கார்பன், கார்பன். முதல் ஒப்பீட்டிலேயே குளோரின் ஜெயித்துவிட்டது. மீதியைக் கூட்டிப் பார்க்கக் கூடாது.

ஆர் என்றால் வலஞ்சுழி, எஸ் என்றால் இடஞ்சுழி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதை ஒரு மாணவரும் விட்டுவைத்ததில்லை, நானும் என் காலத்தில் எழுதி மதிப்பெண்ணை இழந்தவன்தான்.

மூன்று சீட்டுகள் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு வேலை. கூட்டல், கழித்தல் குறி கருவியில் அளந்த விடை; ஒளி எந்தப் பக்கம் திரும்பியது என்பது மட்டும். ஆர், எஸ் தாளில் விதியைப் போட்டு வரும் விடை. பெரிய எழுத்து டி, எல் என்பவை கிளிசரால்டிஹைடு என்ற எளிய சர்க்கரையோடு ஒப்பிட்டு வைத்த பழைய பெயர்கள். சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் இன்னும் புழங்குகின்றன.

லாக்டிக் அமிலத்தின் எஸ் வடிவம் ஒளியை வலப்பக்கம் சுழற்றும். அதே எஸ் வடிவத்தைத் துத்தநாக உப்பாக்கினால் இடப்பக்கம். நடுக் கார்பனில் ஒன்றும் மாறவில்லை, சுழற்சி மட்டும் மாறிவிட்டது. டி ஃபிரக்டோஸ் பலமான இடஞ்சுழி. புரதங்களில் வழக்கமாக வரும் கைரல் எல் அமினோ அமிலங்கள் எல்லாம் எஸ். சிஸ்டீன் மட்டும் ஆர், ஏனென்றால் அதன் பக்கக் கிளையில் இருக்கும் கந்தகம் முன்னுரிமையைத் தட்டிப் பறித்துவிடுகிறது. வடிவம் மற்றவற்றைப் போலவேதான்.

எந்தச் சீட்டு எந்த உண்மையான வடிவத்துக்கு என்பதே நெடுங்காலம் ஊகமாகத்தான் இருந்தது. ஜெர்மன் வேதியியலர் எமில் ஃபிஷர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1951இல் பைவூட்டும் உடன் உழைத்தவர்களும் டார்டாரிக் அமிலத்தின் சோடியம் ருபீடியம் உப்பை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து உண்மை வடிவைக் கண்டார்கள். ஃபிஷரின் ஊகம் சரியாக இருந்தது. தப்பாக இருந்திருந்தால் பாடநூல் படங்கள் அத்தனையையும் திருப்பி வரைந்திருக்க வேண்டும்.

ஃபிஷர் படத்தை ஏன் 90 டிகிரி திருப்பக் கூடாது?

ஃபிஷர் படம் என்பது கைரல் கார்பனைக் கூட்டல் குறிபோலத் தட்டையாக வரைவது. அதில் ஒரு மறைமுக ஒப்பந்தம் இருக்கிறது: கிடைக்கோடுகள் உங்களை நோக்கி வருகின்றன, நிலைக்கோடுகள் பின்னால் போகின்றன. 90 டிகிரி திருப்பினால் முன்னால் இருந்தது பின்னால் போய்விடும், அதாவது எதிர் வடிவத்தை வரைந்துவிட்டீர்கள். 180 டிகிரி திருப்பலாம். கூடவே ஒரு குறுக்குவழி: எந்த இரண்டு தொகுதியை இடம் மாற்றினாலும் ஆர் எஸ் ஆகும், இரண்டு தடவை மாற்றினால் பழையபடி. ஹைட்ரஜன் கிடைக்கோட்டில் இருந்தால், வந்த விடையைத் தலைகீழாக்க மறக்காதீர்கள்.

கைரல் கார்பன் இரண்டு இருந்தால் நான்கு மாற்றியம், சரிதானே?

நான்குவரை. கைரல் கார்பன், அதாவது கைரல் மையம், எத்தனையோ அத்தனை தடவை இரண்டைப் பெருக்கினால் வருவது உச்சவரம்பு. கொலஸ்டிராலில் 8 கைரல் மையம், ஆகவே 256 வரை சாத்தியம். உடம்பு ஒன்றே ஒன்றைத்தான் செய்கிறது.

டார்டாரிக் அமிலத்தில் மையம் இரண்டு, மாற்றியம் மூன்று. ஆர்-ஆர் ஒன்று, அதன் ஆடிப் பிம்பமான எஸ்-எஸ் இன்னொன்று. ஆர்-எஸ் மூன்றாவது. எஸ்-ஆர் என்று நான்காவதை எழுதிவிட்டு மாதிரியைத் திருப்பிப் பார்த்தால் அது ஆர்-எஸ்ஸேதான், ஏனென்றால் மூலக்கூறின் இரண்டு பாதியிலும் ஒரே தொகுதிகள். நடுவில் ஒரு கண்ணாடி நிற்பதுபோல மேல்பாதி சுழற்றுவதைக் கீழ்பாதி அடித்துவிடுகிறது. இதுதான் மீசோ. கைரல் மையம் உண்டு, மூலக்கூறு கைரல் இல்லை.

ஆர்-ஆரும் எஸ்-எஸ்ஸும் 170 டிகிரியை ஒட்டி உருகும், இரண்டுக்கும் துளி வித்தியாசமில்லை. மீசோ 147 வாக்கில். ஆடிப் பிம்பம் அல்லாத இந்த உறவைத்தான் டயாஸ்டீரியோமர் என்கிறோம். டயாஸ்டீரியோமர்களுக்கு எல்லா இயற்பண்பும் வேறுபடும்.

எனான்ஷியோமர்களுக்கு எல்லாப் பண்பும் ஒன்று என்றால் எதற்கு இவ்வளவு அலட்டல்?

கைரல் இல்லாத உலகத்தில் எல்லாம் ஒன்று. கைரல் உலகத்தில் இல்லை. ஒரு பந்தைப் பிடிக்க இரண்டு கையும் ஒன்றுதான். வலக்கை உறையை மாட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். உடம்பிலுள்ள புரதங்கள் எல்லாம் உறைகள்.

கார்வோனின் ஆர் வடிவம் புதினா வகையின் வாசனை தரும், எஸ் வடிவம் கேரவே என்ற விதையின் வாசனை தரும். மூக்கின் ஏற்பிகள் கைரல் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். இபுபுரூஃபனில் வேலை செய்வது எஸ் வடிவம். ஆர் வடிவத்தில் ஒரு பகுதியை உடம்பே எஸ்ஸாக மாற்றிக்கொள்கிறது.

தாலிடோமைடு பற்றி ஒரு திருத்தம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகள் உட்கொண்டதால் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளோடு பிறந்து, 1961இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. ஒரு வடிவம் நல்லது, மற்றது கெட்டது, பிரித்துக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. உடம்புக்குள் போன சில மணி நேரத்தில் ஒரு வடிவம் மற்றதாக மாறிக்கொள்ளும். தூய ஆர் வடிவத்தைக் கொடுத்திருந்தாலும் எஸ் வடிவம் உள்ளே உருவாகியிருக்கும்.

சுழிமாய்க் கலவையைப் பிரிப்பது எப்படி?

இரண்டும் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும், ஒரே அளவு கரையும் என்றால் வடித்தும் பிரிக்க முடியாது, படிகமாக்கியும் முடியாது. பாஸ்டரின் இடுக்கி முறை வெகு சில பொருள்களுக்கே பலிக்கும். வழக்கமான வழி, மூன்றாவதாக ஒரு கைரல் பொருளைக் கொண்டுவருவது. அமிலக் கலவையோடு புருசின் போன்ற ஒற்றைக் கைத் தாவரக் காரத்தைச் சேர்த்தால் இரண்டு உப்புகள் வரும். அவை இப்போது டயாஸ்டீரியோமர்கள், கரைதிறன் வேறு. ஒன்று முதலில் படிகமாகும். வடிகட்டி, வலிய அமிலம் சேர்த்துக் காரத்தை விலக்கினால் தேவையான வடிவம் தனியே நிற்கும். கைரல் பொருள் பூசிய நிறப்பகுப்புக் குழாயும் நொதிகளும் இதே தந்திரத்தின் வேறு உருவங்கள்.

பிரிப்பதைவிட முதலிலேயே ஒரே வடிவத்தைச் செய்வது மேல். அதற்கான வினையூக்கிகளுக்குத்தான் 2001இல் நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் மூவருக்கும், 2021இல் லிஸ்ட், மேக்மில்லன் இருவருக்கும் நோபல் பரிசு.

எஸ்என்2 வினையில் ஆர் எப்போதும் எஸ் ஆகுமா?

எஸ்என்2 என்பது கார்பனிலிருந்து ஒரு தொகுதி வெளியேறும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து இணையும் பதிலீட்டு வினை. அதில் வடிவம் எப்போதும் திரும்பும், காற்றில் குடை மடங்குவதுபோல. சீட்டு மாறுமா என்பது புதிதாக வந்த தொகுதியின் முன்னுரிமையைப் பொறுத்தது. சில வினைகளில் வடிவம் திரும்பியும் ஆர் ஆர் ஆகவே இருக்கும். எஸ்என்1இல் பழைய தொகுதி முதலில் போய்விட, கார்பன் இடையில் தட்டையாகிவிடுவதால் இரண்டு பக்கமும் தாக்குதல் நடக்கும். பெரும்பகுதி சுழிமாய்க் கலவையாகும்.

கைரல் கார்பன் இல்லாமல் கைரலாக இருக்க முடியுமா?

முடியும். இரண்டு பென்சீன் வளையங்களை ஒற்றைப் பிணைப்பால் இணைத்து, இணைப்புக்குப் பக்கத்து இடங்களில் பருத்த, வெவ்வேறான தொகுதிகளை வைத்தால் சுழற்சி தடைபடும். திருகிய நிலையிலேயே இடது வலது என இரண்டு வடிவங்களாக நிற்கும். தடை 100 கிலோஜூலை எட்டினால் அறை வெப்பநிலையில் பிரித்தே வைக்கலாம். டிரான்ஸ் சைக்ளோஆக்டீனும் இப்படித்தான் கைரல்.

மறுபக்கம், மூன்று வெவ்வேறு தொகுதி கொண்ட அமீனில் தனி எலக்ட்ரான் இணையைச் சேர்த்தால் நைட்ரஜனுக்கு நான்கு வேறுபாடு வந்துவிடும். ஆனாலும் பிரிக்க முடியாது. நைட்ரஜன் குடைபோல உள்வெளியாக மடங்கிக்கொண்டே இருக்கும். தடை சுமார் 25 கிலோஜூல்தான்.

உடனிசைவு வடிவங்கள் மாற்றியங்களா?

இல்லை. அங்கே அணு எதுவும் நகர்வதில்லை. எலக்ட்ரான்களை மட்டும் வேறு வேறு இடத்தில் காட்டி, ஒரே மூலக்கூறுக்கு நாம் வரையும் பல படங்கள். கீட்டோ (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு கொண்டது), ஈனால் (கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ராக்சில் கொண்டது) விஷயம் வேறு: ஹைட்ரஜன் உண்மையிலேயே இடம் மாறுகிறது, ஆகவே அவை கட்டமைப்பு மாற்றியங்கள்.

இரண்டு படத்தைக் கொடுத்து உறவு என்ன என்று கேட்டால் எங்கே தொடங்குவது?

வாய்பாடு ஒன்றா என்று பாருங்கள், அப்புறம் இணைப்புப் பட்டியல். இரண்டும் ஒத்துப்போனால் படங்களை மறந்துவிட்டு ஒவ்வொரு மையத்துக்கும் ஆர், எஸ் எழுதுங்கள். 3-புரோமோபியூட்டன்-2-ஆல் என்று வைப்போம். ஒரு படம் ஆர்-ஆர், மற்றது எஸ்-எஸ் என்றால் எல்லா மையமும் திரும்பியிருக்கிறது, எனான்ஷியோமர். ஆர்-ஆர், ஆர்-எஸ் என்றால் ஒன்று மட்டும் திரும்பியிருக்கிறது, டயாஸ்டீரியோமர். ஆர்-எஸ், எஸ்-ஆர் என்றால் இங்கே எனான்ஷியோமர். ஆனால் அதே ஆர்-எஸ், எஸ்-ஆர் சீட்டுகள் டார்டாரிக் அமிலத்தில் வந்தால் இரண்டும் ஒரே மீசோ பொருள். படத்தை 180 டிகிரி திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், பொருந்தும்.